ஓசை அடைத்த அறை

கதவை வெளியிலிருந்து சார்ஜெண்ட் ஏசுபாதம் இழுத்துச் சாத்தியதும் உலகத்துச் சத்தமெல்லாம் ஒரே வெட்டில் அறுந்து போயிற்று. அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை. சுற்றிலும் பொடிப்பொடியாய்த் துளை போட்ட பலகை. எதிரில் மட்டும் கனத்த கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப்புறம் கருவியும் ஏசுபாதமும். ஏர் வைஸ் மார்ஷல் அபிமன்னன் ஹெட்போனைக் காதில் பொருத்திக்கொண்டு, கையில் கொடுத்திருந்த சுவிட்சைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். குழந்தை விளையாட்டுதான். விமானப்படையில் சேர்ந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் இந்த விளையாட்டில் ஜெயித்து வெளியே வந்திருக்கிறார். இந்த வருஷம் தோற்றால் விமானம் ஓட்டும் தகுதி போய்விடும். அது போனால், தோளில் ஏறக் காத்திருக்கும் அடுத்த பட்டையும், அதோடு சேர்த்துக் கொடுப்பதாக டெல்லியில் பேசி முடித்திருக்கும் கமாண்டும் போய்விடும். பறக்கத் தகுதியில்லாதவனுக்குப் பறக்கிறவர்களின் தலைமை கிடையாது. அவருடைய ஜனத்தில் ஒருவரும் அந்த இடம் வரைக்கும் போனதில்லை. அவருக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் கண்ணுக்கெட்டிய வரை யாரும் இல்லை. இதோ, யாரோ தூரத்தில் காலி பாட்டிலின் வாயில் ஊதுகிறார்கள். அமுக்கினார். இன்னும் தூரத்தில் ஊதுகிறார்கள். அமுக்கினார்.

தடித்த சத்தம் எல்லாம் கேட்கும், அது அவருக்குத் தெரியும். தடித்ததில் பயமில்லை. மெலிந்தது வரும்போதுதான் இருக்கிறது. போன மழைக்காலத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பவுனம்மாள், “என்னங்க, இந்தச் சில்வண்டு இப்பிடிக் கத்துதே, உங்களுக்குத் தலை வலிக்கல?” என்று கேட்டாள். அவருக்கு மழை விட்ட தோட்டம் மட்டும் இருந்தது, இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது, வேறு ஒன்றும் இல்லை. “ஆமா, ரொம்பத்தான் கத்துது” என்றார். அவள் திரும்பி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும், அதையும் ஒரு பூச்சிக்காகச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு குக்கர் விசில் அடித்ததா என்று அவள் அவரைக் கேட்பதில்லை. பேச நினைத்தால் எதிரில் வந்து நின்று பேசுகிறாள். ஜெட் எஞ்சின் அப்படித்தான் தின்னும், முதலில் மேல் சுரங்களைத் தின்னும், கறையான் ஓலையை ஓரத்திலிருந்து தின்பது மாதிரி. தின்ற இடத்தில் ஒரு கொசுவை விட்டுவிட்டுப் போகும். அந்தக் கொசு இப்போதும் இடது காதில் பாடிக்கொண்டிருக்கிறது. சத்தம் வந்ததா, கொசுவா? அமுக்கலாமா? அமுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் ஏசுபாதம் தலை குனிந்தபடி இருந்தார்.

இரண்டு நாள் முன்னால் பாஷ்யம் டெல்லியிலிருந்து போன் செய்தார். “டேய் அபி, மெடிக்கல் ஒண்ணுதான்டா பாக்கி. அதை முடிச்சிண்டு வந்து சேரு. மத்ததெல்லாம் நான் பேசி வச்சாச்சு.” பாஷ்யமும் இப்போது ஏர் வைஸ் மார்ஷல், தலைமையகத்தில். ஒரே பயிற்சிக் கல்லூரி, ஒரே பேட்ச். “நம்ம கேடட் நாளை நெனைச்சா இப்பவும் கண்ணுல ஜலம் வரதுடா. என்னமா இருந்தோம்! ஒரே தட்டுல சாப்ட்டோமே!” என்றார். பாசாங்கு இல்லை, மனதாரச் சொன்னார். குரல்கூடத் தழுதழுத்தது. அதைத்தான் அபிமன்னனால் தாங்க முடியவில்லை. ஒரே தட்டிலா? முதல் நாள் சாயங்காலம் மைதானத்தில் பாஷ்யம் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கியது நிஜம். “தமிழா! அப்பாடா, பேசறதுக்கு ஒரு ஆள் கெடைச்சான்.” எந்த ஊர் என்று கேட்டான். கோலார் தங்கவயல். “அங்க எங்க, ஆபீசர்ஸ் பங்களா பக்கமா?” இல்லை, லைனில். சுரங்கத் தொழிலாளிகள் தகரக் கூரை போட்டு வரிசை வரிசையாய்க் குடியிருக்கும் லைனில். “அப்பா என்ன பண்றார்?” சுரங்கத்துக்குள்ளே டிரில் அடிக்கிறார். “ஓ” என்றான் பாஷ்யம். அந்த ஒரு ‘ஓ’. மறுநாள் காலையில் மெஸ்ஸில் அபிமன்னன் உட்கார்ந்த மேசை அந்தக் கோடியிலிருந்து நிரம்பிக்கொண்டு வந்தது, அவருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. யாரும் திட்டவில்லை, யாரும் கை வைக்கவில்லை, யாரும் ஒரு பொருளை எடுத்து ஒளிக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். பயிற்சி முடிகிற வரைக்கும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் சமையல்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் உப்பில்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டார். இப்போதும் பவுனம்மாள் குழம்பில் உப்பு மறந்துவிட்டால் அவருக்குத் தெரியாது. பாஷ்யத்துக்கு இதெல்லாம் ஞாபகமில்லை. ஒளிக்கவில்லை, நிஜமாகவே ஞாபகமில்லை. ஊதுகிறார்கள். பாட்டில் இப்போது சின்னதாகிவிட்டது, மருந்து பாட்டில். அமுக்கினார்.

ஆனால் ஆகாயத்தில் பேசினார்கள். அதுதான் வேடிக்கை, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவும். தரையில் முகம் கொடுக்காதவன் மேலே போனதும் பேசித்தான் ஆக வேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பது வானொலியின் சட்டம். இரண்டாம் நம்பர், உன் உயரம் என்ன? இரண்டாம் நம்பர், எரிபொருள் எவ்வளவு? இரண்டாம் நம்பர் அவர்தான். கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து இன்னொரு மனிதனின் குரல் நேராகக் காதுக்குள், கன்னத்தோடு கன்னம் வைத்த மாதிரி வந்து தன்னைக் கேட்கும். அதற்காகவே காலையில் எழுந்தார். விமானம் பிடித்ததா, வேகம் பிடித்ததா என்று பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது ஏதோ சொல்லி வைத்தார். பதில் வந்தது பிடித்தது என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தபோது, “காத்து ஜாஸ்தி இல்ல?” என்று கேட்டுவிட்டார். “ஆமா, இடதுபக்கமா தள்ளித்து” என்றான் பாஷ்யம். சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினான். கழற்றியதும் தரை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்து போய்விட்டான். இந்த ஹெட்போனும் அப்படித்தான் காதை இறுக்கிக்கொண்டிருக்கிறது, அதே ரப்பர் வாசனை. கூப்பிடுங்கள். யாராவது கூப்பிடுங்கள். ஒன்றும் வரவில்லை. வராமல் இருக்கிறதா, வந்து கேட்காமல் போகிறதா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த அறைக்குள் இருக்கிறவனுக்குத் தெரியாது.

நைனாவுக்கும் தெரியாது. நைனாவின் காதை டிரில் தின்றது, மிச்சத்தை ஏர் பிளாஸ்ட் தின்றது. பூமிக்கடியில் பாறை தானாக வெடிக்கும்போது லைனில் அடுக்கி வைத்த பாத்திரங்கள் நடுங்கும். உடனே பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள், அழ மாட்டார்கள், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் நைனா வந்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் செவிடாக வந்தார். மகன் பயிற்சி முடித்துச் சிறகு குத்திக்கொள்கிற விழாவுக்கு யாருடைய கோட்டையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ரயிலேறினார். அணிவகுப்பு முடிந்து தேநீர் விருந்து. அபிமன்னனை ஒரு அதிகாரி நிறுத்தி வைத்துக்கொண்டார், அங்கிருந்தே பார்த்தார்: நைனா ஒரு கேக் துண்டு வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி புல்தரையின் நடுவில் நிற்கிறார். பக்கத்தில் கூட்டம் கூட்டமாகப் பெற்றோர்கள், சிரிப்பு, பட்டுப்புடவை. அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் தாண்டி, அவர் தோளுக்கு மேலே, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். நைனா ஒவ்வொரு வாயாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரயிலில் திரும்பும்போது சொன்னார்: “எல்லாம் நல்ல மனுசங்கப்பா. எங்கிட்ட எவ்ளோ நேரம் பேசினாங்க! எனக்குத்தான் ஒண்ணும் காதுல உழல. சிரிச்சி வச்சேன்.” லைன் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். சாகும்வரை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அபிமன்னன் பக்கத்தில் நின்று ஆமாம் என்றார். விழா முடிந்த கொஞ்ச நாளில் ஊரில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். “அப்பன் பாதாளத்துல வெட்டினான், மகன் ஆகாயத்துல வெட்றான்!” என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். முன்வரிசையில் நைனா மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்து, ஒரு நொடி தள்ளிக் கை தட்டினார். சற்று முன்னால் சுவிட்சைக் கையில் கொடுக்கும்போது ஏசுபாதம் குனிந்து அதைப் பற்றித்தான் சொன்னார்: “சார், நானும் தங்கவயலுதான் சார், சேம்பியன் ரீஃப். அன்னிக்கு உங்க மீட்டிங்குக்கு மைக் செட்டு போட்டதே எங்க நைனாதான் சார்.”

அப்படியா என்று கேட்டுவிட்டு அவர் மேலே பேசவில்லை. யாரிடமும் மேலே பேசுகிற பழக்கம் வரவில்லை. படையில் இடஒதுக்கீடு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் கோட்டா என்றார்கள். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இறக்கையில் துளையோடு திரும்பி வந்து மெடல் வாங்கியபோதும் கோட்டா என்றார்கள், எந்தக் கோட்டாவில் எதிரி பீரங்கி அவரைத் தப்பவிட்டதோ தெரியவில்லை. அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று முதல் வருஷத்திலேயே முடிவு செய்துகொண்டார். யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது, லீவுகூட. உயரத்தில் ஓர் அடி பிசகக்கூடாது, இறங்கும்போது சக்கரம் ஒருமுறைதான் தரையைத் தொட வேண்டும், மறுமுறை எகிறித் தொட்டால் மற்றவர்களுக்கென்றால் அதற்குக் காரணம் காற்று, அவருக்கு மட்டும் ஜாதி. அவர் செய்கிற தப்பு அவருடைய தப்பாக இருக்காது. அதனால் தப்பே செய்யவில்லை. தப்பே செய்யாத மனிதனோடு யார் சிரித்துப் பேசுவார்கள்? பிறகு பதவி வந்தது, பதவி வந்ததும் எல்லாரும் பேசினார்கள், எழுந்து நின்று பேசினார்கள். அப்போது கேட்பதற்கு இவருக்குள் ஒன்றும் மிச்சமில்லை. சோதனை வலது காதுக்கு மாறிவிட்டது. மெலிந்த சத்தம். ஊசி நுனியால் பனியைத் தொட்டது மாதிரி. அமுக்கினார். மறுபடி. அமுக்கினார். மறுபடி. அமுக்கினார். பரவாயில்லையே! இடதைவிட வலது பரவாயில்லை. பவுனம்மாளிடம் போனவுடன் சொல்ல வேண்டும், அந்தச் சில்வண்டை...

நிறுத்தினார். என்ன கேட்டது? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் கேட்ட ஞாபகமில்லை. ஆனால் விரல் அமுக்கியது. கண்ணாடியைப் பார்த்தார். கருவியின் பொத்தானை அமுக்கும்போது ஏசுபாதத்தின் வலது தோள் லேசாகத் தாழ்ந்தது. தாழ்ந்தபோதே ஏதோ காதில் மினுங்கின மாதிரி இருந்தது. மறுபடி தோள் தாழ்ந்தது. மறுபடி மினுக்கம். கண்ணை மூடிக்கொண்டார். மினுக்கம் இல்லை. திறந்தார். தோள். மினுக்கம். கேட்டதா, பார்த்ததா? மேகத்துக்குள் பறக்கிறவனுக்கு வருகிற கிறுக்கு இது. விமானம் சாய்ந்துகொண்டே போகும், உடம்பு நேராக இருக்கிறேன் என்று சத்தியம் செய்யும். கருவியை நம்பு, உடம்பை நம்பாதே என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இங்கே கருவியும் உடம்பும் எங்கே பிரிகின்றன? ஏசுபாதம் நிமிர்ந்து இவரைப் பார்த்தார். பார்வையில் ஒரு கேள்வியும் இல்லை, தெளிவாக இருந்தது. பிறகு தோளை முன்னைவிட நன்றாகத் தாழ்த்தினார், குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி. அபிமன்னன் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

ஹெட்போனில் குரல் வந்தது. தடித்த குரல், நன்றாகக் கேட்டது. “சார், சேரைத் திருப்ப வேணாம் சார். ஒயர் எட்டாது.” “எட்டும்” என்றார். ஏசுபாதம் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார். “சார், எல்லாரும் அப்பிடித்தான் சார் உக்காருவாங்க. பெரிய ஆபீசருங்கல்லாம். அவங்களும் கேக்கமாட்டாங்க, நானும் சொல்லமாட்டேன். எங்க சீனியரு காலத்துலருந்து வழக்கம் அது. போன வருசம் டெல்லிலருந்து பாஷ்யம் சார் வந்தாரு, வலது காது சுத்தமா அவுட்டு. எந்தோளையே பாத்துக்கினு இருந்தாரு. போம்போது தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. உங்களுக்குச் செய்யாம வேற யாருக்கு சார் செய்வேன் நானு?” அபிமன்னன் அப்படியே நின்றார். எல்லாரும். வருஷா வருஷம் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஆள் முன்னால் இந்தச் சோதனைக்கு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் போட்டிருந்தது. அதுதான் விதி என்று நினைத்தார். விதியேதான், சந்தேகமில்லை. அவருக்கு மட்டும் அதை ஒழுங்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, வாய் வரைக்கும் வரவில்லை. உட்காரலாம். உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தோளைப் பார்த்தால் போதும். தங்கவயலில் மறுபடி மைக் கட்டுவார்கள். யாரோ ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு பரீட்சைக்குப் படிப்பான். அப்புறம் என்றைக்காவது வெளியே தெரிந்தால்? பாஷ்யம் செய்தது தெரிந்தால் வயசாகிவிட்டது என்பார்கள். இவர் செய்தது என்றால், ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் வந்திருக்கிறான் என்பார்கள், சிறகு, மெடல், இறக்கையில் விழுந்த துளை எல்லாவற்றையும் சேர்த்து. அந்தப் பையனையும் சேர்த்து. “சார், உக்காருங்க சார். டாக்டர் வந்துருவாரு.” ஏசுபாதம் கெஞ்சினார். வெளியே போய் இவரை நேர்மையானவர் என்று சொல்லுவாராக இருக்கும். நேர்மை இல்லை. இத்தனை வருஷமும் நேர்மை என்று தானும் நினைத்துக்கொண்டது எது என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. அது பயம். மற்றவர்கள் எல்லாம் எளிதாகக் கை நீட்டி எடுத்துக்கொண்டதை எடுக்க விடாத பயம். கடைசி வரைக்கும் அது அவரை விடவில்லை, இப்போதும் விடப்போவதில்லை. தெரிந்துகொண்டும் என்ன? தெரிந்தவுடன் போய்விடுகிற சாமான் இல்லை அது. நாற்காலியைத் திருப்பினார். ஒயர் எட்டியது.

சுவர். துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் இருட்டு. கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார், யாரை என்று தெரியாமல். கட்டைவிரல் சுவிட்சின்மேல் இருந்தது. இப்போது வந்தது மாதிரி இருந்தது, அமுக்கினார். அமுக்கியபின் அது கொசு என்று தெரிந்தது. பிறகு அமுக்கவில்லை. ஒரு துளையைப் பார்த்தால் பக்கத்துத் துளை நகர்கிறது. வானொலி அணைந்துபோன விமானத்தில் ஒருமுறை மேகத்துக்கு மேலே தனியாக இருந்திருக்கிறார். அப்போதுகூட எஞ்சின் இருந்தது. டெல்லியில் வேறு யாரைச் சொல்லுவார்கள்? யாராவது இருப்பார்கள். பாஷ்யம் நாளைக்குப் போன் செய்து வருத்தப்படுவார், நிஜமாகவே வருத்தப்படுவார். பவுனம்மாள் எதிரில் வந்து நின்று, “போதும், வூட்டுல இருங்க” என்பாள். வீட்டில் என்ன செய்வது? தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். சத்தம் இந்தப் பக்கம் வரலாம், இப்போது வரலாம், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வரும். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். தோளில் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினார். கதவு அகலத் திறந்திருந்தது. ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தார், கண் கலங்கிச் சிவந்திருந்தது. “முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார். “அப்பவே முடிஞ்சிது சார். கண்ணாடிய ரெண்டு மூணு தபா தட்டினேன்.”

ஹெட்போனைக் கழற்றி ஏசுபாதத்தின் கையில் கொடுத்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “உங்க நைனா இருக்காரா?” என்று கேட்டார். “இல்ல சார். போய்ட்டாரு.” வெளியே நடைபாதையில், அடுத்ததாகக் காத்திருந்த ஒரு ஸ்குவாட்ரன் லீடர், நல்ல சிவந்த முகம், தளதளவென்று இருந்தார். இவரைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார், “குட் மார்னிங் சார்” என்றார், சிரித்தார். அபிமன்னன் பதிலுக்குக் கை உயர்த்திவிட்டுத் தொப்பியைத் தேடினார். உள்ளே மேசைமேல் இருந்தது. எடுக்கத் திரும்பியபோது, அந்த இளம் அதிகாரி அறை வாசலில் நிற்க, ஏசுபாதம் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.